ஜெனா நகரத்துப் பேராசிரியர்



பௌதிக சாஸ்திரத்தில் தேர்ந்தவர்கள் சர்வகலாசாலையிலேயே தங்கிவிடுவது உத்தமம் என்றும், தொழிற்சாலைக்குப் போவது வயிற்றுப்பாட்டை முன்னிட்டுச் செய்துகொள்ளும் சமரசம் என்றும் ஓர் அபிப்பிராயம் நம்மிடையே நிலவுகிறது. ஒளியியலின் சரித்திரம் அதற்கு இடந்தரவில்லை என்பதற்கு எர்ன்ஸ்ட் அபே என்ற ஜெர்மானியரையே சாட்சியாக அழைக்கிறேன்.

அபே ஜெனா சர்வகலாசாலையில் போதித்துக்கொண்டிருந்தபோது, அவ்வூரில் மைக்ராஸ்கோப் செய்து விற்றுவந்த கார்ல் ஸைஸ் 1866-இல் அவரை நாடி வந்தார். வில்லைகளை இழைத்து, பொருத்திப் பார்த்து, பிம்பம் கலங்கினால் கழற்றி வேறொன்றை வைப்பதே அக்காலத்து முறையாதலால், கைராசியை நம்பிய அத்தொழிலைக் கணிதத்தின் மீது நிறுத்தவேண்டும் என்பது ஸைஸின் நெடுநாள் ஆசை.

அபே கணக்கிட்டார். வில்லையின் ஓரங்களால் விளையும் பிழைகளுக்கு அஞ்சி, ஒளி புகும் கோணத்தைக் குறுக்கி, கணக்கில் யாதொரு குற்றமும் இல்லாதபடி அமைத்த அந்தக் கருவிகளோ, பட்டறைக்காரர்கள் குத்துமதிப்பாகச் செய்தவற்றைவிட மோசமாயிருந்தன! நுண்ணிய கோடுகள் ஒன்றோடொன்று கலந்து மறைந்தன. வேறொரு முதலாளி பேராசிரியரை வந்த வழியே அனுப்பியிருப்பார், ஸைஸ் பொறுத்திருந்தார். பொருளின் நுண்ணிய அமைப்பில் பட்ட ஒளி வளைந்து பல திசைகளில் விரிகிறது என்பதையும், அவ்விதம் விரிந்த கதிர்களையும் வில்லை ஏற்றுக்கொண்டாலன்றி அந்த நுட்பம் பிம்பத்தில் தோன்றாது என்பதையும், வாயைக் குறுக்கிய வில்லை அவற்றையே வெளியே நிறுத்திவிட்டது என்பதையும் அபே கண்டார். ஒளியின் அலைநீளத்தில் ஏறக்குறையப் பாதிக்கும் குறைவான, அதாவது ஒரு மில்லிமீட்டரில் சுமார் 5,000-இல் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளியை சாதாரண ஒளி மைக்ராஸ்கோப் எவ்வளவு சிறந்ததாயினும் பிரித்துக் காட்டாது என்ற எல்லை 1873-இல் அவர் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது. அடுத்த ஆண்டே பௌதிக அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தம் வழியில் அம்முடிவை எட்டினார் என்பது உண்மையே. ஆயினும் அபேயை அதன்பால் செலுத்தியவை விற்பனைக்கு உதவாத அந்தக் கருவிகள்தாம்.

பிறகு, இருக்கும் கண்ணாடி போதாதென்று கண்டு, ஓட்டோ ஷாட் என்ற ரசாயன நிபுணருடன் சேர்ந்து 1884-இல் கண்ணாடி ஆலையே நிறுவினார். அதற்கு முன்பே, மருத்துவர் ராபர்ட் கோக் க்ஷயரோகக் கிருமியை ஆராய்ந்ததும் ஸைஸ் மைக்ராஸ்கோப்பில்தான்.

ஸைஸின் கூட்டாளியாகிப் பெருஞ்செல்வம் சேர்ந்தபின் அபே செய்ததைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. 1889-இல் ஓர் அறநிலையத்தை, தம் பெயரால் அன்று, காலஞ்சென்ற ஸைஸின் பெயரால் நிறுவி, 1891-இல் தொழிலில் தமக்கிருந்த பங்கை அதற்கு உரிமையாக்கினார். அவருடைய தந்தை நூற்பாலைத் தொழிலாளி. நாளொன்றுக்கு 14 மணி முதல் 16 மணி வரை நின்றே உழைத்தவர். சிறுவன் அபே கொண்டுசென்ற உணவை அவர் இயந்திரத்தின் மேல் சாய்ந்தபடியே அவசரமாக உண்டு, பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலையைத் தொடர்வாராம். அந்த மகன் 1900-இல் தம் தொழிற்சாலையில் 8 மணி நேர வேலையைக் கொண்டுவந்தார். கணக்குப் பார்த்ததில் உற்பத்தி குறையவில்லை.

பட்டம் பெறும் நண்பர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். தொழிற்சாலைக்குச் செல்பவர்கள், கணக்குக்கு மாறாக நடக்கும் கருவி ஒன்று கைக்கு வருமாயின், அதை ஒளித்துவிடாமல் இந்தச் சர்வகலாசாலைக்கு எடுத்து வாருங்கள். இங்கேயே தங்குபவர்கள், எடுத்து வருபவரை வாசலில் காக்கவைக்காதீர்கள்.