நிலையின் உட்பக்கம்

செட்டிநாட்டு வாசலைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் முகத்தைத்தான் பேசுவார்கள். மேலே கஜலட்சுமி, இரண்டு பக்கமும் யாளி, நடுவே கொடியும் பூவும், கதவில் பித்தளைக் குமிழ். படம் எடுக்கிறவர்களும் தெருவில் நேராக நின்றுதான் எடுக்கிறார்கள். இன்றைக்கு உங்களை வாசற்படி மேல் ஏறிப் பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்கிறேன். நிலைக்காலின் உட்பக்கத்தைப் பாருங்கள். சுவரின் வெளிமுகத்திலிருந்து உள்முகம் வரை போகிறதே, அந்தக் கனத்தில் ஆசாரி என்ன செய்து வைத்திருக்கிறார்? ஒரு நிலை தேறுமா தேறாதா என்று நான் முடிவு செய்வது அந்த இடத்தைப் பார்த்துத்தான்.

காரணம் எளிது. சுவரின் கனம் ஒன்று, மரச்சட்டத்தின் கனம் வேறு. இரண்டும் தானாக ஒத்துப்போவது அபூர்வம். காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கத்துப் பெரிய வீடுகளில் ஒன்றரை அடி கனச் சுவர் சாதாரணம். அந்தக் கனத்துக்கு ஒரே தடியில் நிலைக்கால் அறுக்கலாம் என்றால், அத்தனை பெரிய மரம் கிடைத்தாலும் நல்லபடி நிற்காது. மேலே காய்ந்து உள்ளே ஈரம் தங்கிய கனமான சட்டம் நாளடைவில் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும். ஆகவே துண்டு சேர்த்துத்தான் ஆக வேண்டும். சேர்த்தால் ஒட்டு தெரியும். தெரிகிற ஒட்டை என்ன செய்வது? நிலை செய்கிறவருடைய சாமர்த்தியம் முழுவதும் இந்தக் கேள்விக்கு அவர் சொல்லும் பதிலில் இருக்கிறது.

செட்டிநாட்டு ஆசாரிகள் வேலையில் சொல்லிவைத்த பதில் இது: ஒட்டை மறைக்காதே, அதை ஒரு வரியாக்கிவிடு. வளரும் பெண்ணின் பாவாடைக்கு அம்மா வேறு நிறத்தில் கரை வைத்து நீட்டுகிற மாதிரி. நீட்டியது எல்லோருக்கும் தெரியும், ஆனால் அதுவே அழகாகிவிடும்.

முகப்பு வாசல் ஒன்றை அருகில் போய்ப் பார்ப்போம். வெளிச்சுவரை ஒட்டி அகலமான ஒரு சட்டம். செதுக்கு வேலை அதிகமாக விழுவது அதன் முகத்தில்தான். அதற்கு உள்ளே ஒரு விரற்கடை பின்தள்ளி இரண்டாவது சட்டம். அதற்கும் உள்ளே இன்னும் ஒடுங்கி மூன்றாவது. வீட்டுக்கு வீடு எண்ணிக்கை மாறும், முறை மாறாது. ஒவ்வொரு சட்டமும் முந்தையதைவிடச் சற்று உள்வாங்கி நிற்பதால், இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஒரு சிறு படி விழுகிறது. தாமரை இதழ் வரிசை, மணிக்கோவை, கயிற்று முறுக்கு எல்லாம் அந்தப் படியின் ஓரத்தில்தான் வருகின்றன. நாம் அலங்காரம் என்று ரசிக்கிற வரிக்கு அடியில் ஒட்டு இருக்கிறது. ஐப்பசி மழையில் மரம் உப்பினாலும் சித்திரை வெயிலில் சுருங்கினாலும், அந்த அரை நூல் அசைவு படியின் நிழலுக்குள் அடங்கிப்போகும். இரண்டு சட்டத்தையும் ஒரே மட்டமாக இழைத்து ஒட்டியிருந்தால், முதல் கோடையிலேயே மயிரிழை போல ஒரு பிளவு மேலிருந்து கீழ்வரை ஓடியிருக்கும்.

கதவு உட்காரும் சட்டத்துக்குப் பின்னால் இன்னும் சுவர்க் கனம் மிச்சம் இருக்கும். சில வீடுகளில் அந்த இடத்தைச் சுண்ணாம்புப் பூச்சால் முடித்து, பளிங்கு போலத் தேய்த்து விட்டிருப்பார்கள். சில வீடுகளில் அதையும் மரத்தால் போர்த்தியிருப்பார்கள். அப்படிப் போர்த்தும்போது அகலமான ஒற்றைப் பலகையை அறைந்துவிடுவது நல்ல வேலை ஆகாது. சுற்றிலும் சட்டம் கட்டி, அதில் காடி வெட்டி, நடுவே பலகையைச் செருக வேண்டும். பலகைக்குப் பசையும் கிடையாது, ஆணியும் கிடையாது. காடிக்குள் விரியவும் சுருங்கவும் அதற்கு இடம் இருக்கும்.

பழைய வாசல்களில் இந்த ஆழத்துக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. இரட்டைக் கதவில் ஒவ்வொரு கதவும் குறுகலானது. குடுமியில் சுழன்று உள்ளே திறக்கும்போது, சுவரின் கனத்துக்குள்ளேயே அது பெருமளவு அடங்கிவிடும். கூடத்துக்குள் நீட்டிக்கொண்டு இடத்தை அடைக்காது. லண்டனில் 18-ஆம் நூற்றாண்டு வீடுகளில் ஜன்னலின் உள்பலகைகள் மடங்கி, சுவர்க் கனத்துக்குள் இருக்கும் மரப்பெட்டியில் போய் மறையும். இரண்டு ஊர்த் தச்சர்களும் ஒருவரை ஒருவர் பார்த்திருக்க மாட்டார்கள். கனமான சுவர் இருவரையும் ஒரே வழிக்குக் கொண்டுவந்திருக்கிறது.

இத்தனை மரம் எங்கிருந்து வந்தது என்பது நேயர்கள் அறிந்த கதைதான். 1852-இல் கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் வசம் போனது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்து அரிசி வியாபாரம் பெருகியது. செட்டிநாட்டு வணிகர்களான நகரத்தாரின் லேவாதேவி அந்த வியாபாரத்தோடு வளர்ந்தது. பர்மாத் தேக்கு கப்பலேறி வந்தது. 1930-களின் பொருளாதார மந்தமும் 1942-இல் ஜப்பானியர் படையெடுப்பும் அந்த வரவை முறித்துப்போட்டன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அதே 2014-இல் மியான்மர் அரசு தேக்குத் தடிகளை அறுக்காமல் ஏற்றுமதி செய்வதற்குத் தடை விதித்தது. ஆக, அந்தக் காலத்து மரத்தை இன்று தேடுகிறவர் பழைய வீடுகளில் இருப்பதைத்தான் பார்த்தாக வேண்டும்.

மரத்தைவிட முக்கியமான வேறுபாடு வேலை நடந்த வரிசையில் இருக்கிறது. அன்றைக்கு நல்ல நாள் பார்த்து, மஞ்சள் குங்குமம் வைத்து, மாவிலை கட்டி, முதலில் நிலையை நிறுத்துவார்கள். அதன் இரு பக்கமும் சுவர் எழும்பும். நிலையின் அளவுக்குச் சுவர் இணங்கிப் போகும். இன்றும் தலைவாசலுக்கு அந்தச் சடங்கு நடக்கிறது. உள் அறைகளின் கதி வேறு. செங்கல்லில் திறப்பு விட்டுக் கட்டி, பின்னால் நிலை வாங்கி மாட்டுகிறோம். கொத்தனாருக்கும் ஆசாரிக்கும் நடுவில் யாரும் அளவு பேசுவதில்லை.

கணக்கைக் கேளுங்கள். நாலரை அங்குலச் சுவர். இரண்டு பக்கமும் அரை அங்குலம் பூச்சு ஏறினால் ஐந்தரை. கடையில் வாங்கிய நிலைச் சட்டம் நாலு அங்குலம். ஒன்றரை அங்குலம் குறைகிறது. ஒன்பது அங்குலச் சுவராக இருந்தால் பூச்சோடு பத்து, சட்டம் ஐந்து. பாதிச் சுவர் வெறுமனே நிற்கும். கதவு இருக்கும் பக்கம் மட்டமாக உட்கார்ந்துவிடும், மறுபக்கம் பள்ளம். அந்தப் பள்ளத்தைச் சிமெண்டால் பூசி விடுகிறார்கள். கட்டிலோ பீரோவோ இடித்து ஒரு வருஷத்துக்குள் அந்த முனை உதிர்ந்துபோகும். மரமும் சிமெண்டும் சேரும் இடத்தில் வெடிப்பு ஓடும்.

இதற்குச் சரியான மருந்து, குறைகிற கனத்துக்கு மரப்பட்டி சேர்த்து நிலையை நீட்டுவதுதான். காரைக்குடிப் பக்கத்துப் பட்டறைகளில் விவரம் தெரிந்த ஆசாரி வீட்டுக்கார ஆச்சியிடம் முதலில் சொல்வது, "பூச்சு காஞ்ச பிறகு கூப்பிடுங்க ஆச்சி, இப்ப அளந்தா ரெண்டு தடவ கூலி ஆகும்" என்பதாக இருக்கும். ஈரப் பூச்சில் எடுத்த அளவு நிற்காது.

வந்ததும் ஒரு இடத்தில் மட்டும் அளக்க மாட்டார். இடது காலில் மேலே, நடுவே, கீழே. வலது காலிலும் அப்படியே. மேல் சட்டத்திலும் இரண்டு முனை. கையால் பூசிய சுவர் எங்கேயும் ஒரே கனமாக இருக்காது. மேலே ஒன்றரை அங்குலம் குறைந்தால், கீழே ஒன்றே முக்கால் குறையும். ஆகவே பட்டியைச் செவ்வகமாக அறுப்பதில்லை. கனம் கூடுகிற பக்கம் அகலமாகவும் குறைகிற பக்கம் ஒடுக்கமாகவும் கோடு போட்டு, கோட்டுக்கு வெளியே கொஞ்சம் விட்டு அறுத்து, மிச்சத்தை இழைப்புளியால் தள்ளித் தள்ளிச் சுவருக்குப் பொருத்துவார். சுருள் சுருளாக விழுகிற அந்த இழைப்பில்தான் வேலையின் தரம் இருக்கிறது.

அமெரிக்காவில் சுவர்க் கனத்துக்குப் பொருந்தும் நிலை கடையில் கிடைக்கிற சரக்கு. அங்கே உட்சுவர் மூன்றரை அங்குல மரச்சட்டமும் இரண்டு பக்கமும் அரை அங்குலப் பலகையும் சேர்ந்து நாலரை அங்குலம். அதற்கு மேல் பதினாறில் ஒரு பங்கு அங்குலம் கூட்டி நிலையைத் தயாரித்து விற்கிறார்கள். பழைய வீட்டின் கனச் சுவருக்கு நீட்டும் பட்டியும் தனியாக உண்டு. ஆலையில் செய்த சுவருக்கு ஆலையில் செய்த நிலை பொருந்தும். கொத்தனார் கை பட்ட நம் சுவருக்கு ஆசாரி கைதான் பட வேண்டும்.

பட்டியை நிலையோடு சேர்க்கும் இடத்துக்கு வருவோம். இங்கேதான் செட்டிநாட்டுப் பாடம் உதவுகிறது. நிலை ஓரத்தோடு ஓரம் மட்டமாக வைக்காமல், ஒரு நூல் அல்லது இரண்டு நூல் உள்வாங்கி வைக்க வேண்டும். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அந்த ஒரு நூல் படி மேலிருந்து கீழ்வரை நேராக ஓடினால் கண்ணுக்கு அது ஒரு வரி. மட்டமாக வைத்து, மக்குப் பூசி, தேய்த்து, பாலிஷ் ஏற்றினால் வேலை முடிந்த அன்றைக்குப் பிரமாதமாக இருக்கும். அடுத்த கோடையில் மக்கு வெடித்து, ஒட்டு வளைந்து நெளிந்து தெரியும்.

பட்டிக்கும் சுவருக்கும் நடுவே காலி இருந்தால் ஆப்பு வைத்து இறுக்கிப் பிறகு திருகாணி போட வேண்டும். இறுக்காமல் திருகினால் பட்டி வில்லாக வளையும். ஒன்றரை, இரண்டு அங்குலத்துக்கு ஒற்றைப் பட்டி போதும். நாலு, ஐந்து அங்குலம் போனால் பலகை குழிந்துவிடும். அங்கே பழைய வீட்டு முறையே நல்லது: சட்டமும், காடிக்குள் செருகிய பலகையும். எந்தப் பக்கம் நீட்டுகிறோம் என்பதும் முக்கியம். கீல் இருக்கும் பக்கம் நீட்டினால் கதவு செங்கோணத்துக்கு மேல் திறக்காது, பட்டியில் இடிக்கும். அது ஆழத்துக்குள் அடங்கும் குறுகலான இரட்டைக் கதவுக்குச் சரி, மூன்றடி ஒற்றைக் கதவுக்குத் தொல்லை. கீழ் முனையைத் தரையில் முட்டவும் விடக்கூடாது. வீடு கழுவுகிற தண்ணீரை மரத்தின் வெட்டுமுகம் உறிஞ்சும். ஒரு நூல் தூக்கி நிறுத்தி, வெட்டுமுகத்தில் எண்ணெய் காட்டிவிட்டால் பல வருஷம் தாங்கும்.

இனி இதற்கு நேர் எதிரான ஒரு சங்கடம். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் பழைய வீட்டு நிலைகளும் கதவுகளும் விற்பனைக்குச் சாய்த்து வைத்திருக்கிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்து வாங்கிப் போகிறார்கள். ஒன்றரை அடிச் சுவருக்குச் செய்த நிலை ஒன்பது அங்குலச் சுவருக்குப் போகிறது. அங்கே மரம் மிஞ்சுகிறது, சுவர் போதவில்லை. பெரும்பாலானவர்கள் பின்பக்கச் சட்டங்களைக் கழற்றிவிட்டு முகத்தை மட்டும் மாட்டுகிறார்கள். முகம் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் படிப்படியாக உள்ளே இறங்கிய ஆழம் போய்விட்டால், மிச்சம் இருப்பது சுவரில் மாட்டிய படம்.

சரியான வழி, நிலையை அறுக்காமல் வாசலைச் சுற்றி மட்டும் சுவரைத் தடிப்பாக்குவது. இரு பக்கமும் அரைத்தூண் போலச் செங்கல் கூட்டிக் கட்டினால் போதும். சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் செட்டிநாட்டு வீடு ஒன்று இருக்கிறது. பிரிக்கப்பட்ட வீட்டின் மரவேலைகளைக் கொண்டுவந்து நிறுத்தியது அது. மரம் முதலில், சுவர் பிறகு என்ற பழைய வரிசை அங்கே திரும்பி வந்திருப்பதைப் பார்க்கலாம்.

செட்டிநாட்டு வேலை எல்லாமே உயர்ந்தது என்றும் நான் சொல்ல மாட்டேன். பணம் பெருகிய காலத்தில் செதுக்கு வேலை மிகுந்துபோய், எது தாங்குகிற சட்டம், எது மேலே ஒட்டிய பூ என்று தெரியாத வாசல்களும் உண்டு. அவற்றைவிட, வளவு எனப்படும் முற்றப் பகுதியைச் சுற்றியுள்ள அறைகளின் எளிய நிலைகள் எனக்கு உயர்வாகப் படுகின்றன. பூ இல்லை, யாளி இல்லை. இரண்டு சட்டம், நடுவில் ஒரு படி, அந்தப் படியின் ஓரத்தில் ஒரு மழுங்கல். இத்தனைக்குள் ஒரு தச்சனின் கணக்கு முழுவதும் இருக்கிறது. புது வீடு கட்டுகிறவர் பின்பற்றக்கூடியதும் அதுதான். அதற்குப் பர்மாத் தேக்கும் வேண்டாம், செதுக்குக் கூலியும் வேண்டாம்.

ஆகவே வீட்டில் உள்நிலை வேலை நடக்கும்போது ஆசாரியிடம் ஒட்டே தெரியக்கூடாது என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் அவர் மக்கு டப்பாவைத்தான் எடுப்பார். ஒட்டு நேராகத் தெரியட்டும் என்று சொல்லுங்கள். அதற்கு ஒரு நாள் கூலி கூடுதலாகக் கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.