கைத்தொலைபேசிக்கு முழு விலை என்ன?

(தோட்டப் பாட்டாளிகள் கூட்டமொன்றில் தகவல் அதிகாரி ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



விடியுமுன் எழுந்து பால் வெட்டி, வாளி சுமந்து, நிறுவையும் முடித்துத் திரும்பியிருக்கிறீர்கள். இளைப்பாற வேண்டிய நேரத்தில் இம்மண்டபத்திற்கு வந்து அமர்ந்திருக்கும் உங்களிடம் நெடுநேரம் அலங்காரமாகப் பேசுவது முறையன்று. ஆகவே பொருளுக்கு நேராக வருகிறோம். கைத்தொலைபேசி, தொலைக்காட்சி, இணையச் சேவை ஆகியவற்றிற்கு நாம் கொடுக்கும் விலை நியாயமானதா, அது நியாயமற்றதாயின் யாரிடம் சென்று கேட்பது என்பதே இன்றைய பேச்சு.

உங்களுள் மூத்தவர்கள் தோட்டத்துக் கடையின் பற்றுப் புத்தகத்தை மறந்திருக்க மாட்டீர்கள். அரிசியும் பருப்பும் கருவாடும் வாங்கிய கணக்கைக் கடைக்காரரே எழுதுவார். சம்பள நாளில் தொகையையும் அவரே சொல்வார். எழுதப் படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால் மட்டுமே கணக்குச் சரிபார்க்கப்படும். இன்று அந்தப் புத்தகம் இல்லை. அதன் இடத்தில் கைத்தொலைபேசியின் திரை வந்திருக்கிறது. ஆயினும் கணக்கை இன்றும் விற்பவரே எழுதுகிறார்.

கைத்தொலைபேசி ஆடம்பரப் பொருள், அதைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு என்று எண்ணுவோரும் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நாடெங்கும் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடைமுறைக்கு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, பாடம் கைத்தொலைபேசி வழியாகவே வீட்டுக்கு வந்தது. வீட்டில் இருந்த ஒரே தொலைபேசியைப் பிள்ளைகள் முறை வைத்துப் பயன்படுத்தியதை நீங்களே கண்டவர்கள். அன்று முதல் அது புத்தகப் பையைப் போன்ற தேவைப் பொருளாகிவிட்டது. தேவை மிகுந்த இடத்தில் விலை கேட்க நா எழுவதில்லை. அந்த மௌனத்தில்தான் சில வணிகர்கள் இலாபம் பார்க்கின்றனர்.

தோட்டந்தோறும் நாங்கள் செல்லுமிடங்களில் மிகுதியாகக் கேட்கும் முறையீடு தவணை விற்பனையைப் பற்றியது. "முன்பணம் நூறு வெள்ளி, மாதம் நூற்றுப் பத்து வெள்ளி மட்டுமே" என்று விளம்பரம் கூறுகிறது. நூற்றுப் பத்து வெள்ளி என்பது செவிக்குச் சிறிய தொகை. ஆனால் எத்தனை மாதம்? பன்னிரண்டு மாதம் என்று வைத்துக்கொள்வோம். 12 தவணைக்கு 1,320 வெள்ளி; முன்பணத்தைச் சேர்த்தால் 1,420 வெள்ளி. அதே கைத்தொலைபேசியின் ரொக்க விலை 900 வெள்ளி என்றால், கடனுக்காக மட்டும் 520 வெள்ளி கொடுக்கிறோம். 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி என நிர்ணயிக்கப்பட்டது. அதனை 26 வேலை நாளாக வகுத்தால் நாளொன்றுக்கு 65 வெள்ளி சொச்சம். ஆக, அந்த 520 வெள்ளி ஏறக்குறைய எட்டு நாள் கூலி. எட்டு விடியற்காலை மரத்தடியில் நின்று வெட்டிய பால் முழுவதும் வட்டிக்குப் போகிறது.

தவணையில் வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. கையில் 900 வெள்ளி இல்லாத குடும்பத்திற்குத் தவணையே வழியாக இருக்கலாம். ஆனால் வாங்குமுன் மூன்று வினாக்களைக் கேட்டே தீர வேண்டும்: ரொக்க விலை என்ன, எல்லாத் தவணையும் கட்டி முடித்தால் மொத்தம் என்ன, ஒரு தவணை தவறினால் என்ன நேரும். விடைகள் வாய்மொழியாக இருத்தல் போதாது. வாடகைக் கொள்முதலுக்கு எழுத்து மூலமான ஒப்பந்தம் வேண்டும் என்றும், அதன் பிரதி வாங்குபவர் கைக்கு வந்து சேர வேண்டும் என்றும் 1967ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டம் வற்புறுத்துகிறது. தொகை நிரப்பப்படாத வெற்றுத் தாளில் கையொப்பம் இடாதீர்கள். "நம்ம ஆள்தானே" என்று சொல்லி நீட்டினாலும் இடாதீர்கள்.

இனி இணையச் சேவைக்கு வருவோம். பால் நிறுவையைப் பற்றி உங்களுக்குப் பாடம் சொல்ல வேண்டியதில்லை. வாளி நிறைந்திருந்தால் மட்டும் போதாது. அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்த்த பிறகே கணக்கு எழுதப்படும். தண்ணீர் கலந்த பால் வாளியை நிறைக்கும், தாளை நிறைக்காது. "எல்லையற்ற இணையம்" என்று விற்கப்படும் திட்டங்களுள் சிலவும் இத்தகையவையே. குறிப்பிட்ட அளவு வரை வேகமாக ஓடிவிட்டு, அதன்பின் பிள்ளை பாடக் காணொளியைத் திறக்க இயலாத அளவுக்கு வேகம் குறைக்கப்படும். எல்லையற்றது என்ற சொல் பொய்யன்று என்று நிறுவனம் வாதிடலாம். வாளி நிறைந்துதான் இருக்கிறது. எனவே எத்தனை ஜிகாபைட் வரை முழு வேகம், எத்தனை நாளுக்குச் செல்லுபடியாகும், காலாவதியானால் மீதித் தொகை என்னாகும் என்று கேட்டு அறிந்த பின்னரே பணத்தைக் கொடுங்கள்.

சிறு தொகைதானே என்று விட்டுவிடுவது நம்மிடையே உள்ள வழக்கம். 2015 ஏப்ரல் முதல் நாளன்று பொருள், சேவை வரி நடப்புக்கு வந்தபோது, பத்து வெள்ளி முன்கட்டணத் தொகைக்குப் பத்து வெள்ளி அறுபது காசு கொடுக்க நேர்ந்தது நினைவிருக்கும். அந்த அறுபது காசு நாடு முழுவதும் பேசப்பட்டது. ஏனெனில் மாதக் கட்டணத் திட்டம் எடுக்க வசதியற்ற எளிய மக்களே முன்கட்டணம் போடுபவர்கள். பேச்சு வீண் போகவில்லை. 2016ஆம் ஆண்டு முழுவதும் அவ்வரித் தொகை பயனீட்டாளரின் கணக்கிலேயே திரும்ப வரவு வைக்கப்பட்டது. வரியும் 2018 ஜூன் முதல் சுழியமாக்கப்பட்டு, பின்னர் நீக்கப்பட்டது. அறுபது காசைப் பற்றிக் கேட்கத் தயங்காத மக்கள் இருந்ததால்தான் இது நடந்தது என்பது எமது கருத்து.

ஐந்து இலக்கக் குறியெண்ணிலிருந்து ராசிபலன், பாட்டு, விளையாட்டு என்று குறுஞ்செய்தி வந்து, ஒவ்வொன்றுக்கும் கணக்கிலிருந்து காசு கழியும் தொல்லையும் உண்டு. நீங்கள் கேட்காத சேவை என்றால் "ஸ்டாப்" என்று பதில் அனுப்பி நிறுத்துங்கள். நிற்கவில்லையெனில் முதலில் தொலைபேசி நிறுவனத்திடமும், அங்குத் தீர்வு கிடைக்காவிடில் மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையத்திடமும் முறையிடலாம்.

கடையில் "ஏ.பி. செட்" என்று குறைந்த விலைக்குக் காட்டப்படும் கைத்தொலைபேசிகளைப் பற்றியும் ஒரு சொல். இவை தயாரிப்பாளரின் அதிகாரம் பெற்ற உள்நாட்டு முகவர் வழியாக வராதவை. விலை குறைவு என்பது மெய். ஆனால் பழுதானால் முகவரின் பழுதுபார்ப்பு நிலையம் அதை ஏற்காது. விற்ற கடையின் உத்தரவாதமே மிஞ்சும். அந்தக் கடை அடுத்த ஆண்டும் அதே இடத்தில் இருக்குமா என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். வாங்குமுன் நட்சத்திரம், சதுரக்குறி, பூச்சியம், ஆறு, சதுரக்குறி என்று அழுத்தினால் 15 இலக்க எண் ஒன்று திரையில் தோன்றும். அது பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணோடு ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடில் பெட்டி ஒன்று, பொருள் வேறு.

தொலைக்காட்சி பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். நம் நாட்டில் பழைய அனலாக் ஒளிபரப்பு 2019 அக்டோபர் 31ஆம் நாளோடு முடிந்தது. இலக்க முறை இலவச ஒளிபரப்பைப் பெறுவதற்கு அதற்குரிய ஏற்பி உள்ள தொலைக்காட்சியோ தனிப் பெட்டியோ போதும். மாதக் கட்டணம் கிடையாது. அந்த இலவச ஒளிபரப்புக்கே மாதந்தோறும் பணம் கேட்டு வாசலில் வந்து நிற்பவரை நம்ப வேண்டாம்.

இத்தனை சொன்னபின் சட்டம் என்ன தருகிறது என்று கேட்பீர்கள். 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15 முதல் நடப்பில் உள்ளது. விற்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருக்க வேண்டும், சொன்ன வருணனைக்கு ஒத்திருக்க வேண்டும், எந்தப் பயனுக்கு என்று கேட்டு வாங்கினோமோ அப்பயனுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இவை கடைக்காரர் மனமுவந்து தரும் சலுகைகளல்ல. சட்டமே பொருளோடு சேர்த்துக் கட்டியனுப்பும் உத்தரவாதங்கள். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகை எத்தனை பெரிய எழுத்தில் தொங்கினாலும், பழுதான பொருளுக்கு அது தடையாகாது. நியாயமான காலத்திற்குள் பழுதை நீக்கித் தருமாறு கேட்கலாம். நீக்காவிடில் பொருளைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். ஆனால், பொருள் நன்றாக இருந்து, நிறம் பிடிக்கவில்லை என்றோ மனம் மாறியது என்றோ திருப்பிக் கொடுக்கும் உரிமையை இச்சட்டம் தரவில்லை. அதையும் சொல்லிவிடுவது எம் கடமை.

இணையத்தின் வழி வாங்குவதும் இச்சட்டத்தின்கீழ் அடங்கும்; 2007ஆம் ஆண்டுத் திருத்தம் அதற்கு வழிவகுத்தது. இணைய வணிகத்திற்கென்று 2013 முதல் தனி விதிகள் நடப்புக்கு வந்து, 2024இல் புதுப்பிக்கப்பட்டன. விற்பவர் தம் பெயரையும் தொடர்பு விவரத்தையும், பொருளின் தன்மையையும், அனுப்புக் கூலி உட்பட்ட முழு விலையையும் வெளியிட வேண்டும். விலையைக் காட்டாமல் "தனிச்செய்தியில் கேளுங்கள்" என்று எழுதுபவரிடம் ஏன் என்று கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எவருடைய பெயரும் முகவரியும் இல்லாத பக்கத்தில் பணம் கட்டிப் பொருள் வராமற்போனால், அது வாணிபத் தகராறு அன்று, மோசடி. அந்நிலையில் காலந்தாழ்த்தாது 997 என்ற எண்ணையும் உங்கள் வங்கியையும் அழையுங்கள். போலீசிலும் புகார் செய்யுங்கள்.

வாணிபத் தகராறாயின் செல்ல வேண்டிய இடம் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். நீதிமன்றம் என்றதும் வழக்கறிஞர், செலவு, அலைச்சல் என்று அஞ்சுவது இயல்பு. இம்மன்றத்தில் வழக்கறிஞருக்கு இடமே இல்லை. கடைக்காரரும் தாமே வந்து பேச வேண்டும். மனுக் கட்டணம் ஐந்து வெள்ளி. கோரக்கூடிய தொகையின் உச்சவரம்பு தொடக்கத்தில் 10,000 வெள்ளியாக இருந்து, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் 50,000 வெள்ளியாக உயர்ந்துள்ளது. வழக்குக்குரிய காரணம் தோன்றியதிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். முதலாம் பாரத்தை நிரப்பிப் பதிந்து, அதன் பிரதியைக் கடைக்காரரிடம் நேரிலோ பதிவுத் தபாலிலோ சேர்க்க வேண்டும். அவர் 14 நாட்களுக்குள் பதில் தாக்கல் செய்ய வேண்டும். விசாரணை தொடங்கியதிலிருந்து இயன்றவரை 60 நாட்களுக்குள் தீர்ப்பு அளிக்கப்படும். தீர்ப்பைக் குறித்த காலத்தில் நிறைவேற்றாதவர் குற்றவாளியாவார்.

இதில் உங்களுக்குள்ள இடர்ப்பாட்டை நாங்கள் அறியாதவர்களல்லர். விசாரணை நாளன்று வேலைக்குப் போக முடியாது. ஒரு நாள் கூலி போகும். பட்டணத்திற்குப் பேருந்துச் செலவும் உண்டு. நூறு வெள்ளிக்கு உட்பட்ட தகராறாயின் கடைக்காரரிடம் நேரில் பேசித் தீர்ப்பதே சிக்கனம் என்று பலர் முடிவு செய்யக்கூடும். அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் 900 வெள்ளிப் பொருள் இரண்டே மாதத்தில் செயலிழந்து நிற்கும்போது, 65 வெள்ளியும் பேருந்துக் கூலியும் கொடுத்து 900 வெள்ளியை மீட்க முயல்வது நட்டமான கணக்கன்று. நாள் குறிக்கப்பட்ட பின் மட்டும் தவறாமல் செல்லுங்கள். மனுதாரர் வராவிடில் மனு தள்ளுபடியாகலாம். கடைக்காரர் வராவிடில் உங்கள் பக்கமே தீர்ப்பாகலாம்.

தோழர் ஒருவர் தம் பழைய தொலைபேசியை உங்களுக்கு விற்றிருந்தால் அதற்கு இம்மன்றம் உதவாது. வாணிபமாக விற்பவருக்கே இச்சட்டம் பொருந்தும்.

மன்றத்தில் உங்களுக்காகப் பேசப் போவது ரசீது. இக்காலத்து ரசீதுகள் வெப்பத்தாளில் அச்சிடப்படுபவை. லயத்து வீட்டின் தகரக் கூரைச் சூட்டில் சில மாதங்களிலேயே எழுத்து மங்கி வெறுந்தாளாகிவிடும். வாங்கிய அன்றே அதைப் படம் எடுத்து வையுங்கள். விளம்பரத்தையும், விற்பவரோடு பரிமாறிய செய்திகளையும், பணம் செலுத்திய அத்தாட்சியையும் அவ்வாறே சேர்த்து வையுங்கள். தாமே படிக்க இயலாதவர்கள் பிள்ளைகளிடம் காட்டிப் படிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் கணக்குப் பாடம் படிக்கும் பிள்ளைக்கு இதைவிடப் பயனுள்ள வீட்டுப்பாடம் ஏது?

முதலாம் பாரத்தின் மாதிரிப் பிரதிகளை இம்மண்டபத்தின் வாயிலருகே மேசையில் வைத்திருக்கிறோம். அசல் பாரம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் மாநில அலுவலகங்களில் கிடைக்கும். இணையத்தின் வழியும் பதியலாம். தவணை ஒப்பந்தமோ ரசீதோ கையோடு கொண்டுவந்திருப்பவர்கள் இப்போதே முன்னே வாருங்கள். கூட்டிக் கழித்து மொத்தம் எவ்வளவு என்று உட்கார்ந்து பார்ப்போம்.