தணிவும் குணமும்

பாலக்காட்டு மாவட்டத்தின் கிழக்கெல்லையில், சித்தூர் வட்டத்தில் இருக்கிறது பெருமாட்டி. பிளாச்சிமடை என்ற பெயரைக் கேட்டறிந்தவர் பலர். அச்சிற்றூர் இப்பஞ்சாயத்தைச் சேர்ந்ததே. எல்லையோரமாதலால் வீடுகள் பலவற்றில் தமிழே பேச்சு. பிழைப்பின் பொருட்டு வடக்கே வந்துவிட்ட நாம், ஆண்டுதோறும் விடுப்பில் அங்குச் செல்வதுண்டு.

நமக்குப் பெருங்குடல் அழற்சி நோய் கண்டு பதினோர் ஆண்டுகள் ஆகின்றன. இரத்தமும் சீதமுமாக நாளொன்றுக்குப் பத்து முறை போவதை ஊரார் சூடு என்பர், மூலம் என்பர். நோயாளியோ வெளியில் சொல்ல நாணுவார். திருமண வீட்டுக்குப் போவதில்லை. பேருந்தில் ஏறவும் அச்சம். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் குடலையே பகைத்துத் தாக்குவதால் வரும் நோய் இது. இதன் மற்றொரு வகையை, 1932இல் அதனை விளக்கிய மருத்துவருள் ஒருவராகிய குரோன் பெயரால் வழங்குகின்றனர். நம் நாட்டில் குடற் காசநோயும் ஏறத்தாழ அவ்வகையின் கோலத்திலேயே வருமாதலால், மருத்துவர் ஆய்ந்து சொல்வது முதற்கண் வேண்டும்.

கேரளத்தில், அண்டை வீட்டாரே தொண்டராகி நெடுநோயாளரைப் பேணும் வழக்கம் வேரூன்றியிருக்கிறது. 1993இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியை ஒட்டித் தொடங்கிய வலிதணிப்புப் பணி பரவி, 2008இல் மாநில அரசின் கொள்கையாகவே ஆயிற்று. அதைக் கண்டு நமக்கும் துணிவு பிறந்தது. விடுப்பில் சென்றபோது, இந்நோயுற்ற நால்வரைக் கூட்டி, நாம் கற்ற எளிய யோகத்தைக் கற்பித்தோம். மெல்லிய மூச்சுப் பயிற்சி, பவனமுக்தாசனம், முடிவில் சவாசனம், இவ்வளவே. வயிற்றை வேகமாக இழுத்துத் தள்ளும் கபாலபாதியை ஒதுக்கினோம். ஜெர்மனியில், நோய் தணிந்திருந்த 77 பேரைக் கொண்டு நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வொன்றில், பன்னிரு வாரம் யோகம் பயின்றவர்களின் வாழ்க்கைத் தரம் உயர்ந்தது கண்டனர். மருந்துக்கு மாற்று யோகம் என்று அவர்கள் சொல்லவில்லை.

நாமும் அவ்வாறு சொல்லவில்லை என்றே எண்ணியிருந்தோம். ஊர் திரும்புமுன் அரைப் பக்கக் குறிப்பொன்று எழுதி நால்வருக்கும் கொடுத்தோம். மொழிபெயர்ப்பே நமக்குத் தொழில் அல்லவா? ஆங்கிலத்தில் ‘ரிமிஷன்’ என்பதற்குக் ‘குணம்’ என்று எழுதினோம். அச்சொல் காதுக்கு இனிமையாகவும் இருந்தது.

ஆறு திங்கள் கழித்து, அவர்களுள் ஒருவர், இருபத்தைந்து வயது இளைஞர், கோயமுத்தூரில் மருத்துவமனைப் படுக்கையிலிருந்து தொலைபேசியில் பேசினார்.

“இரத்தம் நின்னு மூணு மாசம் ஆச்சுங்கண்ணா. குணமாயிருச்சேன்னு மாத்திரையை நிறுத்திப்போட்டேனுங்க. நீங்க எழுதின காகிதத்துல அப்படித்தானுங்களே இருந்துச்சு?”

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. அலுவலகத்தில் ஒரு சொல் பிழைத்தால் மேலதிகாரி சிவப்பு மையால் திருத்துவார்; இங்கே ஓர் இளைஞரின் குடலன்றோ புண்பட்டது! அன்றிரவே நால்வருக்கும் புதிய குறிப்பு எழுதி அனுப்பினோம். ‘குணம்’ என்பதை அடித்துத் ‘தணிவு’ என்றாக்கினோம். தணிந்த நெருப்பு மீண்டும் மூளும்; மருத்துவர் சொல்லாமல் ஒரு மாத்திரையும் நிறுத்தற்க என்று தடித்த எழுத்தில் சேர்த்தோம்.

இவ்வாண்டு சென்றபோது அவ்விளைஞரும் வந்திருந்தார். உடல் மெலிந்திருந்தது. பாயைக் கதவோரமாக விரித்துக்கொண்டார். கழிப்பறைக்கு அதுவே அண்மை. பிறகு, நாம் கேளாமலே, சட்டைப் பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பாயின் தலைமாட்டில் வைத்தார்.