மரவள்ளியும் அதன் மாப்பொருளும்

ஒரே வளவில் ஒரே நாளில் இருவேறு வர்க்க மரவள்ளித் தடிகளை நட்டு, ஒரே நாளிற் கிழங்கு கிளறி, ஒரே பானையில் இட்டு அவித்தாலும், ஒன்று பூவாய் மலர்ந்து வாயிற் கரைவதும் மற்றொன்று விறைத்தே கிடப்பதும் உண்டு. இல்லத்தரசியர் அடுப்பையும் விறகையும் நோவர். கமக்காரர் மண்ணையும் மழையையும் நோவர். அவற்றுக்கும் இதிற் பங்குண்டு. ஆயினும் முதலில் நோக்கவேண்டியது நட்ட தடி எந்த வர்க்கத்தது என்பதையேயாம்.

மரவள்ளியின் தாயகம் தென் அமெரிக்கா. அமேசன் காட்டின் தென் எல்லைப் புறத்தில் வாழ்ந்த பழங்குடி மக்கள் அதனைப் பயிராக்கினர். போர்த்துக்கேயர் அதனை ஆபிரிக்காவுக்குக் கொண்டுசென்றனர். இலங்கைக்கு அது 1786ஆம் ஆண்டில், ஒல்லாந்தத் தேசாதிபதி வான் டி கிராவ் காலத்தில், மொரீசியசுத் தீவிலிருந்து வந்தது என்பர். அரிசி தட்டுப்பட்ட காலங்களில் ஏழை எளியவரின் பசியைத் தீர்த்த கிழங்குகளுள் இதுவும் ஒன்று.

பச்சைக் கிழங்கில் நூற்றுக்கு அறுபது பங்குக்கு மேல் நீர். எஞ்சியதிற் பெரும்பகுதி மாப்பொருள். கண்ணுக்குப் புலனாகாத சிறுமணிகளாக அது கிழங்கினுள்ளே செறிந்துள்ளது. ஒவ்வொரு மணியிலும் இருவகைப் பொருள்கள் உள. ஒன்று நீண்ட சங்கிலி போன்ற அமைலோசு. மற்றொன்று கிளைவிட்டுப் படர்ந்த அமைலோபெக்டின். இவற்றின் விகிதம் மாறினால் மாவின் குணமும் மாறும். சோற்றைக் கொண்டு இதனை எளிதில் விளங்கலாம். அமைலோசு மிக்க அரிசி பொலபொலவென உதிரும் சோறாகும். அது குறைந்த அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மரவள்ளி மாவில் அமைலோசு சராசரியாக நூற்றுக்கு 20 வீதம் அளவில் உள்ளது. ஆயின் வர்க்கத்துக்கு வர்க்கம் அது 15 முதல் 26 வீதம் வரை வேறுபடும்.

எனவே மரவள்ளியைப் பற்றிக் கேட்கவேண்டிய வினாக்கள் இரண்டு. மாப்பொருள் எவ்வளவு என்பது ஒன்று. எத்தகையது என்பது மற்றொன்று. ஆலைக்காரர் முதலில் கேட்பது அளவையே. கிழங்கைக் காற்றில் ஒருமுறையும் நீரில் ஒருமுறையும் நிறுத்து, அதன் தன்னீர்ப்பைக் கணித்து, தாய்லாந்திலே விலை பேசுகின்றனர். மாப்பொருள் மிகுந்த கிழங்கு நீரில் கூடிய நிறை காட்டும். பாரம் ஒன்றாயினும் விலை ஒன்றன்று என்பதை அங்குள்ள கமக்காரர் நன்கறிவர். நீண்ட வரட்சிக்குப் பின் மழை பெய்தவுடன் கிழங்கு கிளறுவோர் நட்டமடைவதும் இதனாலேயே. புதுத் தளிர் விடுதற்காகச் செடி தன் கிழங்கிற் சேமித்த மாப்பொருளையே எடுத்துச் செலவிடுகின்றது.

சமையலறையின் தேவையும் ஆலையின் தேவையும் ஒன்றல்ல. மலாயாவிலிருந்து கேரளத்துக்கு வந்த எம் 4 என்னும் வர்க்கம், அவித்தால் மலரும் சுவைக்காகப் புகழ்பெற்றது. அதனையும் நாட்டு வர்க்கம் ஒன்றையும் சேர்த்து, திருவனந்தபுரத்துக் கிழங்குப்பயிர் ஆராய்ச்சி நிலையத்தார் எச் 226 என்னும் கலப்பினத்தை உண்டாக்கி 1971ஆம் ஆண்டில் வெளியிட்டனர். தமிழ்நாட்டில், சேலத்து ஆலைகளுக்குக் கிழங்கு விளைவிப்போர் அதனைப் பெரிதும் விரும்பி நட்டனர். நேயர்கள் பாயசத்தில் இடும் சவ்வரிசி, ஆதியில் சவ்வரிசிப் பனையின் சோற்றிலிருந்து செய்யப்பட்டது. சேலத்தில் அது மரவள்ளி மாவிலிருந்தே செய்யப்படுகின்றது. தாய் அடுப்புக்கு உகந்ததாயிருக்க, பிள்ளை ஆலைக்கு உகந்ததாயிற்று.

மாப்பொருளின் தன்மை பற்றிய இரண்டாம் வினாவுக்கு விடை காண்பது எளிதன்று. மரவள்ளி தடியினாலே பெருக்கப்படுவது; தாய்ச்செடி எப்படியோ அப்படியே சேய்ச்செடி. ஒரு செடியில் மறைந்து கிடக்கும் பரம்பரைக் குணம் எத்தனை தலைமுறை சென்றாலும் வெளிப்படுவதில்லை. அதனை வெளிப்படுத்த வேண்டுமாயின், அச்செடியின் மகரந்தத்தை அதன் பூவிலேயே சேர்த்து, பிறக்கும் விதைகளை முளைக்கவைத்துப் பார்த்தல் வேண்டும். கொலம்பியா நாட்டிற் காலி நகருக்கு அண்மையிலுள்ள சர்வதேச வெப்பமண்டல விவசாய நிலையத்தார் ஆறாயிரத்துக்கு மேற்பட்ட மரவள்ளி வகைகளைப் பேணிவந்ததோடு, இம்முயற்சியையும் மேற்கொண்டனர். 2006ஆம் ஆண்டில் அவ்வாறு பிறந்த செடியொன்றின் கிழங்கில் அயடீன் இட்டபோது, வழக்கமான கருநீலம் தோன்றவில்லை. செந்நிறங் கலந்த கபிலமே தோன்றிற்று. அக்கிழங்கின் மாவில் அமைலோசு அறவே இல்லை என்பது தெளிவாயிற்று. அம்மாவின் பசை தெளிவானது. குளிரில் உறையவைத்து மீண்டும் இளகவைத்தாலும் நீர் பிரியாதது. சாதாரண மாவுக்கு இரசாயனப் பொருள்கள் சேர்த்து வருவிக்கும் குணத்தை இயற்கையே அக்கிழங்குக்கு அளித்திருந்தது.

இதனாற் பெறப்படுவது யாது? பயனற்றதெனத் தோன்றும் ஒரு வர்க்கத்தினுள்ளே பிற்காலத்துக்கு வேண்டிய பெருஞ்செல்வம் மறைந்திருத்தல் கூடும். நெல்லின் விதையைப் போல மரவள்ளித் தடியை ஆண்டுக்கணக்கிற் சாடியில் இட்டுவைக்க இயலாது. நட்டு வளர்த்தாலன்றி அது அழியும். அழிந்த வர்க்கம் மீண்டு வருவதில்லை. அதிக விளைவு தரும் புதிய வர்க்கம் வந்ததும் பழைய தடிகளையெல்லாம் வேலியோரத்தில் எறிந்துவிடும் கமக்காரர், தம் பேரப்பிள்ளைகளின் முதுசத்தையே எறிகின்றார். புதியதை அவர் நடட்டும், அது வேண்டத்தக்கதே. ஆயினும் பாட்டனார் காலத்து வர்க்கத்துக்கு வளவின் மூலையில் ஒரு வரிசை இடம் விட்டுவைத்தல், அவருக்குப் பெருஞ் செலவாகும் காரியமன்று.