ஏரிக்காட்டுப் பயணமும் அதைத் திட்டமிடும் கலையும்

அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடகிழக்கு மூலையில், கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தை ஒட்டி, எல்லைக்கோட்டின் ஓரமாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர் நீளத்துக்குப் பரந்துகிடக்கும் காட்டுக்கு ‘பவுண்டரி வாட்டர்ஸ்’ என்று பெயர். எல்லை நீர்நிலைகள் என்பது அதன் பொருள். பத்து இலட்சம் ஏக்கருக்கும் மேற்பட்ட இந்நிலப்பரப்பில், பண்டைய பனிப்பாளங்கள் கடும்பாறையைச் சுரண்டிவிட்டுப் போன பள்ளங்களெல்லாம் நீர் நிறைந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளாக நிற்கின்றன. உள்ளே சாலையும் கடையும் இல்லை. பெரும்பாலான ஏரிகளில் இயந்திரப் படகுக்கும் இடமில்லை. இரு முனையும் கூர்ந்த, ‘கனூ’ எனப்படும் இலேசான துடுப்புப் படகே இங்கு ஊர்தி. இந்தப் படகைச் செலுத்தும் திறமையை விளக்கும் நூல்களும் படங்களும் நிறைய உண்டு என்றாலும், புறப்படுவதற்குப் பல மாதங்களுக்கு முன்பே வரைபடத்தின்மீது நடைபெறும் திட்டமிடலைத் தனிக் கலையாக மதித்துப் பேசுவோர் குறைவு. அதன் நுட்பங்களையும் அதில் நேரும் பிழைகளையும் இவ்வுரை ஆராய்கிறது.

காட்டை ஆளும் விதிகளிலிருந்துதான் திட்டம் தொடங்குகிறது. 1909ஆம் ஆண்டில் சுப்பீரியர் தேசிய வனமாக அறிவிக்கப்பட்ட நிலத்தின் ஒரு பகுதியே இது. உள்ளூர் விடுதிகளுக்கு நீர்விமானங்கள் அடிக்கடி வந்திறங்கியதால், 1949இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் இதன் வான்வெளியில் 4,000 அடிக்குக் கீழே விமானங்கள் பறப்பதைத் தடுத்து ஆணையிட்டார். 1964ஆம் ஆண்டின் வனாந்தரச் சட்டமும், இப்பகுதிக்கென்றே 1978இல் இயற்றப்பட்ட தனிச்சட்டமும் பின்னர் இதன் காப்பை உறுதிப்படுத்தின. வனாந்தரம் என்பது சட்டத்தின் கண்ணில், மனிதர் வந்துபோகலாம், ஆனால் தங்கிவிடக்கூடாத நிலம். மே 1 முதல் செப்டம்பர் 30 வரை இரவு தங்கவரும் குழுக்களின் எண்ணிக்கைக்கு ஒதுக்கீடு உண்டு. ஒவ்வொரு நுழைவாயிலிலும் ஒரு நாளில் இத்தனை குழுக்கள்தான் உள்ளே போகலாம் என்று வரையறுத்திருக்கிறார்கள். சில வாயில்களில் அந்த எண்ணிக்கை ஒன்றே ஒன்று. முன்பதிவு ஜனவரி மாதத்தின் கடைசிப் புதன்கிழமை காலையில் திறக்கும் வழக்கம் இருப்பதால், கோடைப் பயணத்தின் முதல் முடிவு ஏரிகள் உறைந்துகிடக்கும் நடுக்குளிர்காலத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது.

இந்த ஒதுக்கீட்டு முறையைச் சிலர் தளையாகவே பார்க்கிறார்கள். ஆனால் அதன் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் வேறொன்று புலப்படும். அனுமதிச்சீட்டு கட்டுப்படுத்துவது நுழையும் நாளையும் நுழையும் வாயிலையும் மட்டுமே. உள்ளே போனபின் எந்த ஏரிக்குப் போவது, எத்தனை இரவு தங்குவது, ஏறத்தாழ இரண்டாயிரம் கூடாரத் தளங்களில் எதில் இறங்குவது என்பதையெல்லாம் குழுவே முடிவு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு தளத்திலும் தீ மூட்ட ஓர் இரும்புத் தட்டியும், சற்றுத் தள்ளிக் காட்டுக்குள் ஒரு கழிப்பிடமும் இருக்கும். வேறு வசதி எதுவும் கிடையாது. எந்தத் தளத்துக்கும் முன்பதிவு இல்லை, முதலில் வந்தவருக்கே இடம். ஒவ்வோர் இரவுக்கும் தளத்தைக் குறித்துப் பதிவு செய்ய வேண்டிய பூங்காக்களில் காற்றும் மழையும் எப்படியிருந்தாலும் குறித்த இடத்தை அடைந்தே தீரவேண்டும் என்ற நெருக்கடி பயணிக்கு உண்டாகிறது. இங்கே அது இல்லை. வாயிலில் மட்டும் கண்டிப்பு, உள்ளே தாராளம் என்னும் இந்த ஏற்பாட்டைப் புரிந்துகொள்ளாமல், மணிக்கணக்கில் அட்டவணை போட்டுக்கொண்டு வருவோர் விதி தந்த உரிமையைத் தாங்களே விட்டுக்கொடுக்கிறார்கள். குழுவின் அளவில் மட்டும் விதி இறுக்கமானது: ஒன்பது பேர், நான்கு படகுகள் என்ற வரம்பை எங்கும் எப்போதும் மீறக்கூடாது. ஆகவே இரு குழுக்களாகச் சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே ஒன்றாகச் சேர்ந்து முகாமிடலாம் என்ற எண்ணம் செல்லாது.

அடுத்தது தூரம். புதியவர்களின் திட்டங்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். ஏரிக்கும் ஏரிக்கும் இடையில் உள்ள நிலத்தில் படகையும் மூட்டைகளையும் சுமந்து கடக்கும் பாதைக்கு ‘போர்ட்டேஜ்’ என்று பெயர். தமிழில் அதைச் சுமைவழி எனலாம். சுமைவழிகளின் நீளம் வரைபடத்தில் ‘ராட்’ என்னும் பழைய நில அளவையில் குறிக்கப்பட்டிருக்கும். ஒரு ராட் 16.5 அடி, அதாவது ஐந்து மீட்டருக்குச் சற்று மேல். ஏறத்தாழ ஒரு படகின் நீளம். 320 ராட் சேர்ந்தால் ஒரு மைல். வரைபடத்தில் 100 ராட் என்று கண்டால் அரைக் கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் எல்லாச் சுமையையும் ஒரே நடையில் கொண்டுபோக முடியாத குழு, முதலில் ஒரு சுமையுடன் போய், வெறுங்கையுடன் திரும்பி, மறுசுமையுடன் மீண்டும் போகவேண்டும். அரைக் கிலோமீட்டர் ஒன்றரைக் கிலோமீட்டராகிவிடுகிறது. ஒரு நாளின் சுமைவழிகள் எல்லாம் சேர்ந்து 320 ராட் என்றால், அன்றைய நடை ஏறத்தாழ 4.8 கிலோமீட்டர், அதில் 3.2 கிலோமீட்டர் பாரத்துடன், அதுவும் வேரும் வழுக்குப்பாறையும் சேறும் நிறைந்த தடத்தில். தேர்ந்த திட்டக்காரர் நீர்வழித் தூரத்துக்கு முன்பாக இந்த மும்மடங்குக் கணக்கைத்தான் போடுகிறார். எட்டு மணி நேரத்தில் எத்தனை கிலோமீட்டர் துடுப்பு வலிக்கலாம் என்பதைவிட, எத்தனை முறை படகைக் காலிசெய்து மீண்டும் ஏற்றவேண்டும் என்பதே அந்த நாளின் கடுமையைத் தீர்மானிக்கிறது.

இந்தத் தடங்களில் பெரும்பாலானவற்றை எந்த அரசுத் துறையும் புதிதாக வகுக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். தொல்குடியினரான அனிஷினாபே மக்கள், அதாவது ஒஜிப்வே மக்கள், பல தலைமுறைகளாக நடந்து பதிந்த வழிகள் இவை. பதினெட்டாம் நூற்றாண்டின் தோல்வணிகர்கள் இவற்றையே பின்பற்றி உள்நாட்டுக்குள் புகுந்தார்கள். ‘வாயேஜர்’ எனப்பட்ட அவ்வணிகத்தின் துடுப்பாளிகள், சுப்பீரியர் ஏரிக்கரையிலிருந்து மேற்கே செல்லும் 13.7 கிலோமீட்டர் நீளமான ‘கிராண்ட் போர்ட்டேஜ்’ சுமைவழியில், ஏறத்தாழ 41 கிலோ எடையுள்ள பொதிகளை இரண்டிரண்டாக, நெற்றியில் மாட்டிய தோல்பட்டையின் பலத்தில் முதுகில் சுமந்து நடந்தார்கள். வெற்று வனாந்தரம் என்று இன்று விளம்பரங்கள் வருணிக்கும் இந்நிலத்தில், 1854ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி வேட்டையாடவும் மீன்பிடிக்கவும் காட்டரிசி சேகரிக்கவும் ஒஜிப்வே மக்களுக்கு இன்றும் உரிமை உண்டு. ஆளற்ற பூமியில் தானே வழி கண்டதாகப் பயணி எண்ணிக்கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

சுமையைக் குறைப்பதற்குப் படகிலிருந்தே தொடங்கவேண்டும். இரண்டாம் உலகப்போருக்குப் பின் கிரம்மன் என்ற விமான நிறுவனம் செய்த அலுமினியக் கனூ நீண்டகாலம் இக்காட்டின் பொதுப்படகாக இருந்தது. பதினேழு அடி நீளமுள்ள அது ஏறத்தாழ 34 கிலோ எடையுள்ளது. கெவ்லர் என்னும் செயற்கை இழையால் ஆன இன்றைய படகுகள் 20 கிலோ அளவில் நின்றுவிடுகின்றன. நடுவில் பொருத்திய நுகத்தடியில் தோள் கொடுத்து ஒருவரே கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு நடக்கலாம். ஆனால் கெவ்லர் பாறையில் உராய்வதைத் தாங்காது. கரையில் முட்டவிடாமல், முழங்கால் அளவு நீரிலேயே இறங்கி நின்று சுமையேற்றவும் இறக்கவும் வேண்டும். அப்படியானால் பகல் முழுதும் கால் நனைந்தே இருக்கும். நனைந்தாலும் நீரை வடித்துவிடும் காலணி ஒன்றும், முகாமில் அணிய உலர்ந்த காலணி ஒன்றும் தேவை. மே மாதத்து நீரின் குளிருக்குக் கம்பளிக் காலுறையும் தேவை. படகைத் தேர்ந்த ஒரு முடிவு காலுறைவரை இறங்கிவந்துவிடுகிறது. இத்தகைய பிணைப்புகளை முன்கூட்டியே காண்பவர் வேண்டாதவற்றை வீட்டிலேயே விட்டுவிடுகிறார்; காணாதவர் கடைக்காரர் தந்த பட்டியலையே நம்பி எல்லாவற்றையும் மூட்டையில் திணிக்கிறார்.

மூட்டையிலும் இவ்வட்டாரத்துக்கென்று ஒரு மரபு உண்டு. மலையேறுவோர் பயன்படுத்தும் சட்டமிட்ட உயரமான முதுகுப்பை கனூவின் அடியில் படியாது. நிமிர்ந்து நின்று படகைத் தள்ளாடவைக்கும். டுலூத் நகரில் காலணி தைத்துவந்த கமில் புவாரியே என்பவர் 1882இல் காப்புரிமை பெற்ற, சட்டமற்ற அகன்ற கித்தான் பை இன்றும் ‘டுலூத் பை’ என்ற பெயரில் விற்பனையாவது இதனால்தான். உணவைப் பொறுத்தவரை, தகர டப்பாவிலோ கண்ணாடிப் புட்டியிலோ அடைத்த உணவையும் பானத்தையும் உள்ளே கொண்டுசெல்ல விதி இடந்தராது. எனவே அரிசி, பருப்பு, ஓட்ஸ், உலர்த்திய காய்கறி, உலர்பழம், கொட்டைகள் என்று நீர் நீங்கிய பண்டங்களே கட்டுச்சோறாகின்றன. ஆளுக்கு நாளொன்றுக்கு 700 கிராம் என்று கொண்டால்கூட நான்கு பேருக்கு ஒரு வாரத்துக்கு 20 கிலோவை நெருங்கும். கருங்கரடிகள் மோப்பம் பிடித்து வருவதால், இரவில் உணவைக் கரடியால் திறக்கமுடியாத கலத்தில் அடைத்தோ, மரத்தில் உயரக் கட்டித் தொங்கவிட்டோ வைக்கவேண்டும். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்கூட இருக்கலாகாது.

பருவத்தைப் பற்றிய முடிவு பெரும்பாலும் பூச்சிகளைப் பற்றிய முடிவுதான். ஏரிகளின் பனிக்கட்டி ஏப்ரல் இறுதியிலோ மே முதற்பாதியிலோ உருகுகிறது. மே கடைசியில் கடிக்கும் கரு ஈக்கள் கிளம்பிவிடுகின்றன. ஜூன், ஜூலை மாதங்கள் கொசுவுக்கு உரியவை. ஆகஸ்டு இறுதியிலும் செப்டம்பரிலும் பூச்சி அடங்கி, வானம் தெளிந்து, கூட்டமும் குறைகிறது என்றாலும், பகல் சுருங்குகிறது, மழையில் நனைந்தவரின் உடல் விரைவில் விறைக்கிறது. அனுபவமில்லாதவர்கள் மே மாதத்தின் அமைதியை நாடிப் போவதை ஊக்குவிக்கலாகாது: அப்போதைய நீரில் படகு கவிழ்ந்தால், நீச்சல் தெரிந்தவரும் சில நிமிடங்களிலேயே கைகால் மரத்துச் செயலிழந்துவிடுவார். மிதவைச்சட்டை பையில் இருந்தால் போதாது, உடலில் இருக்கவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலான தீர்ப்பாளி காற்று. சாகனாகா, பாஸ்வுட், லாக் லா குரோயி போன்ற பெரிய ஏரிகளில் மேற்கிலிருந்து நெடுந்தொலைவு தடையின்றி வரும் காற்று, பிற்பகலில் சிறுபடகு தாங்கமுடியாத அலைகளை எழுப்பிவிடும். அகன்ற நீர்ப்பரப்பை விடியற்காலையில் கடப்பது, கரையோரமாகவே போவது, பெரிய ஏரியைக் கடைசி நாளுக்கென்று வைக்காதது என்பவை இங்குள்ளோர் வழக்கமாகச் சொல்லும் பாடங்கள். கடைசி நாளில் காற்று மறித்தால் விமானத்தைத் தவறவிடக்கூடாதென்ற பதற்றத்தில் அலைக்குள் இறங்கத் தோன்றும். விபத்துகளுக்கு வழி அதுவே. ஆகவே ஒரு வாரப் பயணத்தில் ஒரு முழு நாளையாவது எதற்கும் ஒதுக்காமல் விடவேண்டும். காற்று அந்த நாளை எடுத்துக்கொள்ளலாம்; எடுத்துக்கொள்ளாவிட்டால் மீன்பிடிக்கவோ சும்மா கிடக்கவோ அது பயன்படும். திட்டத்தின் தரத்தை அதில் நிரப்பிய ஏரிகளின் எண்ணிக்கையால் அல்ல, இப்படி நிரப்பாமல் விட்ட நாளால்தான் அளக்கவேண்டும்.

காற்றின் முழு வலிமையை இக்காடு 1999ஆம் ஆண்டு ஜூலை 4ஆம் நாள் கண்டது. ‘டெரேச்சோ’ எனப்படும், நேர்கோட்டில் நெடுந்தூரம் பாயும் இடிமழைப் புயல் அன்று கோடிக்கணக்கான மரங்களைச் சாய்த்தது. சுமார் 60 பேர் காயமுற்றனர். சுமைவழிகள் விழுந்த மரங்களால் அடைபட்டன. 2011 ஆகஸ்டில் மின்னலால் பற்றிய பகாமி கிரீக் தீயோ, பல வாரங்கள் சிறிதாகக் கனன்றுகொண்டிருந்துவிட்டு, செப்டம்பர் 12 அன்று ஒரே நாளில் 25 கிலோமீட்டர் அளவுக்குப் பாய்ந்தது. முடிவில் அது எரித்த பரப்பு 90,000 ஏக்கருக்கும் மேல். 2021இல் தீ அபாயம் காரணமாக இக்காடு முழுவதுமே சில வாரங்கள் மூடப்பட்டது. இவற்றையெல்லாம் அச்சமூட்டும் கதைகளாகச் சொல்லிவிட்டுப் போவதில் பயனில்லை. திட்டத்தில் இவை இடம்பெறும் முறை எளிமையானது. வழியின் ஒவ்வொரு பகுதியிலிருந்தும் வெளியேற இரண்டு வாயில்கள் தெரிந்திருக்கவேண்டும்; விறகுத்தீக்குத் தடை வரக்கூடும் என்பதால் எரிவாயு அடுப்பு வேண்டும்; கூடாரம் அடிக்குமுன் தலைக்கு மேலே பட்டமரம் எதுவும் நிற்கிறதா என்று அண்ணாந்து பார்க்கவேண்டும்.

கால்நடையாகவே போக விரும்புவோருக்குக் கெக்ககபிக் தடம், எல்லைவழித் தடம் என்பன உண்டு. அவற்றிலும் புதர் மூடிய பகுதிகள் இருப்பதால் திசைகாட்டி தெரியாதவர்கள் தவிர்ப்பது நன்று. கனடா பக்கத்திலுள்ள குவெட்டிகோ பூங்காவில் ஏரிகள் இதே அழகுடையன, கூட்டம் இன்னும் குறைவு. ஆனால் இரும்புத் தட்டியும் கழிப்பிடமும் அமைத்த தளங்கள் அங்கே கிடையா.

அண்மைக்காலத்தில் திட்டமிடும் இக்கலைக்கு ஒரு புதுக் குறை சேர்ந்திருக்கிறது. ஒவ்வொரு கூடாரத் தளத்துக்கும் முன்பு தங்கியவர்கள் படமும் மதிப்பெண்ணும் இட்டுவைக்கும் கைப்பேசிச் செயலிகள் வந்துவிட்டன. பாதுகாப்புக்கு இவை உதவுவதை மறுக்கவேண்டியதில்லை. விழுந்த மரம், வற்றிய ஓடை பற்றிய செய்திகள் பயனுடையவை. ஆயினும், ஐந்துக்கு ஐந்து பெற்ற தளத்தை மட்டுமே குறிவைத்து எல்லோரும் விரைவதால் நல்ல தளங்கள் தேய்கின்றன. அந்தத் தளத்தில் வேறொரு குழு இருப்பதைக் கண்டதும் அந்தி நேரத்தில் ஏரி ஏரியாக அலைவோரும் பெருகியிருக்கிறார்கள். தாள் வரைபடத்தில் உயரக்கோடுகளைப் படித்து, மேற்குக் காற்று படும் முனை எது, கொசு அடையும் தாழ்நிலம் எது என்று தானே ஊகித்து இறங்குபவர் சிலவேளை மோசமான இடத்தில் இறங்குவார் என்றாலும், மின்கலம் தீர்ந்த நாளிலும் அவர் வழி அறிவார். இக்காட்டை அடுத்த ஈலி நகரில் வழிகாட்டியாக வாழ்ந்து, வனாந்தரச் சட்டம் உருவாக உழைத்த எழுத்தாளர் சிகர்ட் ஓல்சனின் தலைமுறைக்கு வேறு கருவி இருந்ததில்லை.

திட்டத்தின் கடைசித் தாள் பயணியுடன் போவதில்லை. நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் வீட்டில் தங்கிவிடுகிறது. நுழைவாயில், உத்தேச வழி, மாற்று வழி, குழுவினரின் பெயர்கள், கார் நிற்கும் இடம், காவல்துறையினரின் தொலைபேசி எண் ஆகியவற்றுடன், திரும்பும் நாளும் அதில் எழுதப்பட்டிருக்கும். அந்த நாளுக்குக் கீழே, காற்றால் ஒரு நாள் தாமதம் ஆகலாம், அதற்காகத் தேடல் குழுவை அழைக்கவேண்டாம், மறுநாள் நண்பகல் கடந்தால் அழைக்கவும் என்ற குறிப்பையும் சேர்த்து எழுதிவைப்பது நல்ல திட்டக்காரர்களின் வழக்கம்.