"ஓம் ரீச்சர்" என்ற விடைக்கு அப்பால்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற கல்விக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நாம் மூவர். இக்கல்லூரியில் ஒரே வகுப்பில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். இன்று குடாநாட்டின் மூன்று பாடசாலைகளில் கற்பிக்கிறோம்: ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் கணிதம், ஒருவர் புவியியல். ஆசிரியர் சேவையில் சேர்ந்து சில ஆண்டுகளின் பின் பட்டப்பின் கல்வி டிப்ளோமாவையும், பின்னர் கல்வி முதுமாணியையும் ஒன்றாகவே படித்து முடித்தோம். "அந்தப் படிப்பால் உங்கள் வகுப்பறையில் என்ன மாறியது?" என்று சங்கச் செயலாளர் எம்மிடம் கேட்டார். மூவரும் கூடியிருந்து தேடிய விடையே இந்த உரை.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறோம். அறிவுத் தாகத்தால் நாம் அந்தப் படிப்பில் சேரவில்லை. பட்டதாரி ஆசிரியருக்குத் தொழிற்றகைமை வேண்டும். அது இல்லாவிட்டால் பதவி உயர்வு தடைப்படும். அதுதான் காரணம். எமக்கு முந்திய தலைமுறைக்கு அந்த வாய்ப்பும் எளிதாக இருக்கவில்லை. 1974 இல் யாழ்ப்பாண வளாகம் தொடங்கும் வரை குடாநாட்டில் பல்கலைக்கழகமே இல்லை. கல்வியியலில் மேற்படிப்பு வேண்டுமென்றால் கொழும்புக்கோ பேராதனைக்கோ போகவேண்டும். குடும்பப் பொறுப்புள்ள பெண் ஆசிரியர்களில் எத்தனை பேருக்கு அது முடிந்திருக்கும்? அந்த வளாகம் 1979 இல் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. 1980 இல் நிறுவப்பட்ட இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம், வேலையில் இருந்துகொண்டே தொலைக்கல்வி மூலம் படிக்க வழி செய்தது. இவ்வாறு திறந்த கதவுகளினூடாகத்தான் எம்மைப் போன்றவர்கள் உள்ளே போனோம்.

சேர்ந்த முதல் சனிக்கிழமையை நாம் மறக்கவில்லை. புதுக் கொப்பியும் பேனையுமாக முன்வரிசையில் இருந்தோம். விரிவுரையாளர் வந்தார், குறிப்பு எதுவும் தரவில்லை. "உங்கள் வகுப்பில் நடக்கிற, உங்களுக்கே காரணம் தெரியாத ஒரு விடயத்தை எழுதுங்கள்" என்றார். அரை மணித்தியாலம் கழிந்தது. எம் மூவரின் தாளும் வெறுமையாகவே இருந்தன. பத்து வருடம் கற்பித்திருக்கிறோம். எமக்கு ஒரு கேள்வி கூட இருக்கவில்லை.

இரண்டாம் வாரம் நாம் சிலர் சேர்ந்து அவரிடம் முறையிட்டோம். "சேர், நோட்ஸ் தந்தால் நல்லது. பரீட்சைக்கு என்ன படிக்கிறது?" அவர் சிரித்துக்கொண்டு கேட்டார்: "இதே வசனத்தை உங்களிடம் யார் சொல்லுகிறவை?" எமது பிள்ளைகள்தான். குறிப்புத் தரச் சொல்லிக் கேட்பதற்கு அவர்களைப் பழக்கியவர்கள் நாமே. நாமும் அப்படியே பழக்கப்பட்டவர்கள் என்பது அன்றுதான் தெரிந்தது.

கற்போர் மையக் கல்வி என்ற சொல் எமக்குப் புதிதல்ல. 2007 இல் தரம் 6 இலும் தரம் 10 இலும் தேர்ச்சி மையக் கலைத்திட்டம் தொடங்கியபோது ஐந்து படிகளைக் கொண்ட கற்பித்தல் மாதிரி அறிமுகமானது. ஈடுபடுத்தல், கண்டறிதல், விளக்குதல், விரிவாக்கல், மதிப்பிடல் என்று அவற்றை நாமும் மனப்பாடம் செய்தோம். அதைப்பற்றிய செயலமர்வுகளில் நாள் முழுவதும் இருந்து, பிள்ளைகளைச் செயற்பட விடவேண்டும் என்ற விரிவுரையைக் கேட்டோம். அடுத்த நாள் பாடசாலைக்குப் போய், வழமைபோல் நாமும் விரிவுரை செய்தோம். கேட்டுக்கொண்டிருந்து கற்றவர்களுக்குக் கேட்கச் செய்யத்தான் தெரியும்.

பட்டப்பின் படிப்பு வேறுவிதமாக அமைந்தது. ஒவ்வொரு வாரமும் எமது கற்பித்தலைப் பற்றிய நாட்குறிப்பை எழுதவேண்டும். ஒருவர் பாடத்தை மற்றவர் வந்து பார்க்கவேண்டும். ஒப்படையின் தலைப்பை நாமே தெரிவு செய்யவேண்டும். அது எமது வகுப்பறையிலிருந்து பிறந்ததாக இருக்கவேண்டும். தன் தொழிலைச் செய்தபடியே அதைப்பற்றிச் சிந்திக்கிறவரே தேர்ந்த தொழிலாளர் என்று டொனால்ட் ஷோன் 1983 இல் எழுதிய நூலை அப்போது வாசித்தோம். ஆசிரியரே தன் வகுப்பறையின் ஆய்வாளர் என்று இங்கிலாந்தின் லோரன்ஸ் ஸ்ரென்ஹவுஸ் 1975 இலேயே வற்புறுத்தியிருந்தார். நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய பிறகுதான் இந்தக் கருத்துகள் எமக்குப் பிடிபட்டன.

எமது முதலாவது வேலை, கைபேசியில் எமது பாடத்தையே ஒலிப்பதிவு செய்து கேட்பது. 40 நிமிடப் பாடவேளையில் பெரும்பகுதி எமது குரலாகவே இருந்தது. இடையிடையே "விளங்கினதோ பிள்ளையள்?" என்று கேட்கிறோம். ஒருமித்த குரலில் "ஓம் ரீச்சர்" என்று விடை வருகிறது. நாம் அடுத்ததற்குப் போகிறோம். தவணைப் பரீட்சை வினாத்தாளைத் திருத்தும்போதுதான் அந்த "ஓம்" எவ்வளவு பொய் என்று தெரியும்; அப்போது பிள்ளைகளைக் கோபிப்போம்.

எமது செயல்நிலை ஆய்வின் வினா அங்கிருந்து பிறந்தது: "விளங்கினதா என்று கேட்பதை நிறுத்தினால் என்ன நடக்கும்?"

அதற்குப் பதிலாக இரண்டு காரியங்களைச் செய்தோம். முதலாவது, கேள்வி கேட்டபின் காத்திருப்பது. அமெரிக்க விஞ்ஞானக் கல்வி ஆய்வாளரான மேரி பட் றோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு செக்கன் அளவே காத்திருக்கிறார்கள் என்று கண்டார். அதை மூன்று செக்கனுக்கு மேல் நீட்டினால் பிள்ளைகளின் விடைகள் நீளமாகின்றன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்பது அவருடைய முடிவு. மூன்று செக்கன்தானே என்று நினைப்பீர்கள். கேள்வி கேட்டுவிட்டு வகுப்பின் முன்னால் வாய்மூடி நின்று பாருங்கள். அது ஒரு யுகம். மூன்றாம் கிழமை, தவணை முழுவதும் பேசாத ஒரு பிள்ளை கையை உயர்த்தாமலே மெல்ல விடை சொன்னாள். அந்த வகுப்பில் அவளுடைய குரல் எப்படியிருக்கும் என்பதே எமக்கு அதுவரை தெரியாது.

இரண்டாவது, பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு துண்டில் "இன்று எனக்கு விளங்காதது" என்று ஒன்றை எழுதவேண்டும், பெயர் வேண்டாம். முதற் கிழமை எல்லாத் துண்டிலும் "எல்லாம் விளங்கியது" என்றே வந்தது. பிறகு எமக்கு விளங்காத ஒன்றை நாமே கரும்பலகையில் எழுதினோம். அதன்பின் துண்டுகள் மாறின. ஒரு துண்டில், "விளங்கேல்லை எண்டு சொன்னால் முன்வாங்குப் பிள்ளையள் திரும்பிப் பார்ப்பினம்" என்று இருந்தது. பத்து வருடக் கற்பித்தலில் எமக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள குறிப்பு அதுதான். வாங்குகளை வட்டமாகப் போட்டது அதற்குப் பின்னர்.

எம்முள் கணிதம் கற்பிப்பவர் பரப்பளவுப் பாடத்தில் கண்டதையும் சொல்லவேண்டும். சதுர மீற்றரில் கணக்குச் செய்ய முடியாமல் திணறிய ஒரு பிள்ளையின் தகப்பனார் வலிகாமத்தில் வெங்காயச் செய்கைக்காரர். "உங்கட தோட்டம் எவ்வளவு?" என்று கேட்டபோது, "ஆறு பரப்பு ரீச்சர்" என்று உடனே சொன்னாள். ஏக்கருக்கு 16 பரப்பு என்பதும், ஒரு பரப்புக்கு எவ்வளவு விதைவெங்காயம் தேவை என்பதும் அவளுக்குத் தெரியும். பிள்ளைகள் கயிறு கொண்டுவந்து மைதானத்தில் ஒரு பரப்பை அளந்தார்கள். அது ஏறத்தாழ 253 சதுர மீற்றர் என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். அன்று அந்த வகுப்புக்கு ஆசிரியர் அவள்தான்.

விஞ்ஞான வகுப்பில் நிலத்தடி நீர் பாடம் வந்தபோது, ஒவ்வொருவரும் வீட்டுக் கிணற்று நீரை ஒரு போத்தலில் கொண்டுவந்தார்கள். சவர்க்காரம் நுரைக்கிறதா, கொதிக்க வைத்தால் வெள்ளைப் படிவு வருகிறதா, சவரா நன்னீரா என்று பார்த்து வகுப்புப் படத்தில் குறித்தார்கள். தீவகத்துப் பிள்ளையின் போத்தலும் கோப்பாய்ப் பிள்ளையின் போத்தலும் ஏன் வேறுபடுகின்றன என்ற கேள்வி தானாகவே எழுந்தது. எமது சுண்ணக்கல் நிலத்தின் கீழே மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய வில்லைபோல் மிதக்கிறது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலே வரும். அதைச் சொல்ல இரண்டு வசனம் போதும். கேள்வி பிள்ளைகளுடையதாக இருந்ததால் அந்த இரண்டு வசனமும் அவர்கள் மனதில் தங்கின.

இவ்விடத்தில் பழைய நினைவு ஒன்றைச் சொல்லவேண்டும். இந்தச் சபையில் சிலருக்கு அது நினைவிருக்கும். 1995 ஒக்ரோபர் 30 இன் பின், வலிகாமத்தை விட்டு நாவற்குழிப் பாலம் தாண்டித் தென்மராட்சிக்குப் போனோமே, அந்த மாதங்களில் மாமர நிழலில் எமது புவியியல் ஆசிரியை வகுப்பு நடத்தினார். புத்தகமில்லை, தேசப்படமில்லை. "வீட்டிலிருந்து இவ்விடம் வரை நீங்கள் நடந்து வந்த வழியை வரையுங்கோ" என்றார். கொப்பிகளின் பின்பக்கங்களில் வரைந்தோம். ஒருத்தி தண்ணீர் கிடைத்த கிணறுகளை மட்டும் குறித்தாள். ஒருத்தி அம்மம்மாவைத் தவறவிட்ட சந்தியைக் குறித்தாள். ஆசிரியை ஒவ்வொரு படத்தையும் பார்த்தார். பிறகு, அந்தப் படங்களிலிருந்தே திசை, அளவுத்திட்டம், குறியீடு மூன்றையும் கற்பித்தார். மறுவருடம் பரீட்சையில் தேசப்பட வினாவுக்கு எமது வகுப்பில் எவரும் பயப்படவில்லை.

ஜோன் டூயி 1938 இல் எழுதிய 'அனுபவமும் கல்வியும்' என்ற நூலை முதுமாணி வகுப்பில் வாசித்தபோது, மூவரும் ஒரே நேரத்தில் அந்த மாமரத்தை நினைத்தோம். அனுபவம் இருந்தால் மட்டும் போதாது, அது அடுத்த கற்றலுக்குக் கொண்டுபோக வேண்டும் என்கிறார் டூயி. எமது ஆசிரியை அந்த நூலை வாசித்திருந்தாரோ தெரியாது. அவர் செய்தது அதைத்தான். பட்டப்பின் படிப்பு எமக்குக் கொடுத்தவற்றுள் ஒன்று, எம்மை வளர்த்தவர்களின் திறமையைக் காணும் கண்.

எல்லாம் நன்றாக முடிந்தது என்று சொன்னால் அது இன்னொரு "ஓம் ரீச்சர்" ஆகிவிடும். குழு வேலை நடக்கும்போது பக்கத்து வகுப்பிலிருந்து சத்தம் குறித்து முறைப்பாடு வந்தது. பாடத்திட்டம் பின்தங்கியது, க.பொ.த. சாதாரண தர வகுப்பில் பழையபடி குறிப்புச் சொல்லிக் கொடுத்தோம், இன்றும் சில வாரங்களில் அப்படித்தான். "ரியூசனில் இந்தப் பாடம் எப்பவோ முடிஞ்சுது" என்று பெற்றோர் சொல்லும்போது எம்மிடம் நல்ல பதில் இல்லை. 45 பிள்ளைகள் உள்ள வகுப்பில் 45 துண்டுகளை வாசிக்க எமக்கு இரவுதான் நேரம். மாமி பிள்ளைகளைப் பார்த்தார், கணவர்மார் சனிக்கிழமைச் சமையலைப் பழகினார்கள், அப்படித்தான் முடித்தோம். எம்முடன் தொடங்கிய தோழி ஒருத்தி, பார்த்துக்கொள்ள ஆளில்லாததால் நடுவில் நின்றுவிட்டாள். எம் மூவரிலும் கெட்டிக்காரி அவள்தான்.

அதனால் எமது சங்கத்திடம் ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நினைவாகக் கட்டடமும் திறன்பலகையும் வரும், வரட்டும். அவற்றோடு மூன்று சிறிய காரியங்களும் நடக்கவேண்டும். பாடசாலை முடிந்தபின் மாதத்தில் ஒரு பிற்பகல், அயற் பாடசாலை ஆசிரியர்களும் தீவக ஆசிரியர்களும் வந்து தங்கள் வகுப்பறைப் பிரச்சினைகளைப் பேச ஓர் அறை வேண்டும். கல்வியியல் நூல்கள் தமிழில் உள்ள ஒரு அலுமாரி வேண்டும். பட்டப்பின் படிப்பை மேற்கொள்ளும் சிறிய பாடசாலை ஆசிரியைக்கு, போக்குவரத்துக்கும் பிள்ளை பராமரிப்புக்கும் உதவும் ஒரு சிறு நிதியம் வேண்டும். கனடாவிலும் லண்டனிலும் உள்ள அக்காமார் ஒரு மண்டபத்துக்குச் செலவிடும் பணத்தின் சிறு பகுதி போதும். எமது தோழியைப் போல் ஒருத்தியும் நடுவழியில் நிற்கமாட்டாள்.

சென்ற மாதம் ஒரு துண்டில், "ரீச்சர், இண்டைக்கு எல்லாம் விளங்கினது. ஆனால் வேறை ஒரு கேள்வி வந்திட்டுது" என்று ஒரு பிள்ளை எழுதியிருந்தாள். அந்தத் துண்டை நாம் மூவரும் மாறி மாறி வாசித்தோம். செயலாளர் கேட்ட கேள்விக்கு எமது விடை அதற்குள் இருக்கிறது.