தூமசகடாசுரனும் என் அப்பாவும்

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சங்கக் கூடுகையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

சங்கச் செயலாளர் போனில் கூப்பிட்டு, "அண்ணாச்சி, நீங்க பத்து நிமிஷம் பேசணும், தலைப்பு உங்க இஷ்டம்" என்றார். இஷ்டம் என்று விட்டால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். ரயில். அதிலும் செங்கோட்டை ரயில். நான் செங்கோட்டைக்காரன். 1974 முதல் 1977 வரை காலைப் பாசஞ்சரில் ஏறித் தென்காசியில் இறங்கி இந்தக் கல்லூரிக்கு வந்தவன். ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வெள்ளைச் சட்டையில் கரித்தூள் புள்ளி புள்ளியாக விழும். இறங்கும்போது பார்த்தால் கோயில் கோபுரம் மொட்டையாக நிற்கும். இன்று நீங்கள் பார்க்கிற காசி விசுவநாதர் கோயில் ராஜகோபுரம் 1990-ல்தான் முழுசாக எழும்பியது. அதற்கு முன்பு படித்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

முதலில் அந்த ரயில் வந்த கதையைச் சொல்கிறேன். தூத்துக்குடிக்கு 1876-லேயே ரயில் வந்துவிட்டது. திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சி, தென்காசி வழியாகச் செங்கோட்டைக்கு 1903-ல் வந்தது. செங்கோட்டை அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துச் சீமை. 1956 நவம்பர் 1-ல்தான் நம்மோடு சேர்ந்தது. சமஸ்தானத்துக்கு அப்போது ரயிலே கிடையாது. கொல்லத்தில் துறைமுகம் இருக்கிறது, மலைக்கு இந்தப் பக்கம் நெல்லும் பருத்தியும் இருக்கிறது. நடுவில் மலை. ஆரியங்காவு கணவாய் வழியாக மாட்டு வண்டிதான். ஆகவே திருவிதாங்கூர் அரசு, சென்னை அரசாங்கம், தென்னிந்திய ரயில்வே கம்பெனி மூன்றும் கூடி மீட்டர் கேஜ் பாதை போட்டார்கள். மகாராஜா மூலம் திருநாள் காலம்.

இங்கேதான் ஒரு வேடிக்கை. கொல்லத்திலிருந்து புனலூர் வரை சமதரையில் தண்டவாளம் போட்டு முடித்துவிட்டார்கள். செங்கோட்டைப் பக்கமும் தயார். நடுவில் மலையைக் குடையும் வேலை முடியவில்லை. கொல்லத்தில் ரயில் ஓட்டணும், ஆனால் என்ஜின் எப்படிப் போகும்? செங்கோட்டை வரை வந்த என்ஜின் மலையைத் தாண்ட முடியாது. அதனால் தூத்துக்குடியில் பிரித்துக் கப்பலில் ஏற்றி, கன்னியாகுமரி முனையைச் சுற்றிக் கொல்லம் துறைமுகத்தில் இறக்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் ரயில் நிலையத்துக்குக் கொண்டுபோய்ப் பூட்டினார்கள் என்று கொல்லத்துக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். யோசித்துப் பாருங்கள். ரயில் வந்தால் மாட்டு வண்டிக்கு வேலை இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். அந்த ரயிலையே சுமந்துகொண்டு போனது மாட்டு வண்டி!

1904 ஜூன் மாதம் கொல்லத்துக்கும் புனலூருக்கும் இடையே வண்டி ஓடியது. நவம்பர் 26-ல் செங்கோட்டை வரை முழுப் பாதையும் திறந்தாயிற்று. புகையைக் கக்கிக்கொண்டு வந்த அந்த என்ஜினைப் பார்த்த ஜனங்கள் அதற்கு வைத்த பேர் என்ன தெரியுமா? 'தூமசகடாசுரன்.' தூமம் என்றால் புகை, சகடம் என்றால் வண்டி. புகைவண்டி அசுரன்! கண்ணன் உதைத்துக் கொன்ற சகடாசுரன் கதை தெரிந்த ஜனங்கள் அல்லவா, அந்தப் பேரே வாயில் வந்திருக்கிறது.

செங்கோட்டையை விட்டால் பகவதிபுரம். அதற்கப்புறம் முக்கால் கிலோமீட்டருக்கும் நீளமான குகை. குகைக்கு அந்தப் பக்கம் ஆரியங்காவு. பிறகு இடப்பாளையம், கழுதுருட்டி, தென்மலை, ஒற்றைக்கல், இடமண், புனலூர். கழுதுருட்டிக்குப் பக்கத்தில் பதின்மூன்று கண் பாலம், கருங்கல் தூண்களில் வளைவு வளைவாக நிற்கும். அங்கே பாறை உடைத்தவர்கள், குகை குடைந்தவர்கள், கல் சுமந்தவர்கள் பேர் ஒன்றுகூட எனக்குத் தெரியாது. உங்களில் யாருக்காவது தெரியுமா? தெரியாது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் திரும்ப வருகிறேன்.

இனி என் வீட்டுக் கதை. என் அப்பா செங்கோட்டை லோகோ ஷெட்டில் பயர்மேன். 1950-களில் கலாசியாகச் சேர்ந்து, பயர்மேனாகி, ஓய்வு பெறக் கொஞ்ச காலம் இருக்கும்போதுதான் டிரைவர் ஆனார். 1985-ல் ஓய்வு. அவர் காலத்து என்ஜின்கள் 1904-ல் வந்தவை அல்ல. ஒய்.பி., ஒய்.ஜி. என்று இரண்டு வகை, சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை. இரண்டிலும் கொதிகலன் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. ஒய்.பி.க்கு நாலரை அடி உயரத்தில் ஆறு ஓட்டு சக்கரம். சமதரையில் வேகமாகப் போகும். ஒய்.ஜி.க்கு நாலடி உயரத்தில் எட்டு சக்கரம். வேகம் குறைவு, இழுவை அதிகம். "ஒய்.பி. பந்தயக் குதிரை, ஒய்.ஜி. வண்டி மாடு. மலைக்கு மாடுதான் வேணும்" என்பார் அப்பா.

என்ஜின் ஓட்டுவது டிரைவர் என்று நாம் நினைக்கிறோம். நீராவி என்ஜினில் பாதி ஓட்டுவது பயர்மேன். மோட்டார் காரைப் போலச் சாவியைத் திருகினால் கிளம்பாது. ஆறிப்போன என்ஜினில் தீ மூட்டி நீராவி திரட்ட மணிக்கணக்காகும். காலை வண்டிக்கு நடுராத்திரியே ஷெட்டில் ஆள் இருக்கணும். கிளம்பின பிறகு சவலால் கரி அள்ளிப் போட்டுக்கொண்டே இருக்கணும். சும்மா அள்ளிக் கொட்டினால் தீ அணைந்துவிடும். மூலைக்குக் கொஞ்சம், ஓரத்துக்குக் கொஞ்சம், நடுவில் மெலிசாக, ஆடுகிற தட்டில் நின்று வீசணும். முன்னால் வறுக்கிற அனல், முதுகில் சாரல் மழை.

அதைவிட முக்கியம் தண்ணீர். கொதிகலனில் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று ஒரு கண்ணாடிக் குழாய் காட்டும். தீப்பெட்டியின் மேல்தகடு எப்போதும் தண்ணீருக்கு அடியில் இருக்க வேண்டும். அது வெளியே தெரிந்தால் தகடு பழுத்து, கொதிகலனே வெடிக்கலாம். அதற்காக ஈயம் அடைத்த ஒரு திருகாணி வைத்திருப்பார்கள். தண்ணீர் இறங்கினால் ஈயம் உருகி, நீராவி தீயின் மேல் பாயும். இது சமதரையில் எளிது. மலையில் என்ஜின் சாய்ந்து ஏறும்போது கொதிகலனுக்குள் தண்ணீர் பின்பக்கம் சாயும். கண்ணாடியில் நிறைய இருப்பதுபோலத் தெரியும். உச்சியைத் தாண்டி மூக்கு கீழே இறங்கியதும் அதே தண்ணீர் முன்பக்கம் ஓடிவிடும். கண்ணாடி காட்டியதை நம்பியவன் அங்கே மாட்டிக்கொள்வான். "கண்ணாடி பொய் சொல்லாது, ஆனா எங்க நிக்கோம்னு பார்த்துத்தான் அதை நம்பணும்" என்பது அப்பா சொன்ன பாடம். பிற்காலத்தில் நான் கணக்குத் துறையில் உத்தியோகம் பார்த்தபோது எனக்கு அது நன்றாகவே உதவியது!

பிறகு சாரல். குற்றாலத்தில் சீசன் என்றால் நமக்குக் கொண்டாட்டம். ஆனி, ஆடியில் தென்காசி ஸ்டேஷனில் இறங்கிக் குதிரை வண்டி பிடித்து அருவிக்குப் போகிற கூட்டத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே சாரல் தண்டவாளத்தை நனைத்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அதற்காக என்ஜின் மேல் மணல் பெட்டி இருக்கும். குழாய் வழியாகச் சக்கரத்துக்கு முன்னால் மணல் விழணும். மணல் ஈரமானால் குழாய் அடைத்துக்கொள்ளும். ஆகவே ஷெட்டில் மணலை வறுத்துக் காயவைப்பார்கள். குற்றாலத்தில் நாம் குளிக்கிறோம், அங்கே ஒருவர் மணல் வறுக்கிறார்.

மலைக்குப் பின்னால் இன்னொரு என்ஜின் தள்ளும். புனலூர்ப் பக்கமிருந்து ஏறுவதுதான் நீண்ட ஏற்றம். குகைக்குள் நுழைந்ததும் முன் என்ஜின் புகை முழுக்கப் பின் என்ஜின்காரர் முகத்தில். ஈரத் துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு குனிந்து இருப்பார்கள். குகைக்குள் கரி போடாமல் சமாளிக்க, முன்னமே தீயைச் சரியாகக் கட்டி வைத்திருக்கணும். அப்பாவுக்குக் கடைசி வரை இருமல் போகவில்லை.

இப்போது ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். முதலாண்டு படிக்கும்போது ஒருநாள் தென்காசியில் இறங்கி நண்பர்களோடு நடக்கிறேன். "எய்யா, சோத்தை மறந்துட்டு வந்துட்டியே!" என்று என்ஜினிலிருந்து குரல். முகமெல்லாம் கரி, தலையில் அழுக்குத் துண்டு, கையில் என் தூக்குச் சட்டி. வாங்கிக்கொண்டு திரும்பினேன். "யாருடே அது?" என்றான் கூட வந்தவன். "தெரிஞ்சவங்க" என்றேன். அப்பாவுக்குக் கேட்டிருக்கும். என்ஜினுக்கும் எனக்கும் பத்தடிதான் தூரம். அன்று ராத்திரி அவர் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து தென்காசியில் வண்டி நின்றால் அவர் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். நான் தலைகுனியக் கூடாது என்று.

அந்த நண்பன் இதோ முன் வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். நாற்பத்தெட்டு வருஷம் கழித்து இப்போதுதான் அவனுக்கே பதில் சொல்கிறேன். அது என் அப்பாடே.

1990-களில் டீசல் வந்தது, நீராவி போயிற்று. திருநெல்வேலி தென்காசிப் பாதை 2012-ல் அகலப் பாதை ஆயிற்று. புனலூர் செங்கோட்டை மீட்டர் கேஜில் கடைசி வண்டி 2010 செப்டம்பரில் ஓடியது. 2018-ல் அகலப் பாதையாகத் திறந்தார்கள். பதின்மூன்று கண் பாலத்தை இடிக்கவில்லை. கான்கிரீட் போட்டுப் பலப்படுத்தி அதன் மேலேயே வண்டி போகிறது. பாதை நல்லபடியாக இருக்கிறது. எனக்கு அதில் வருத்தம் இல்லை. நீராவிக் காலம் திரும்ப வரணும் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தக் குகையில் மூச்சுத் திணறியவன் பிள்ளை அப்படிச் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. 1855-ல் செய்த இ.ஐ.ஆர். 21 என்ற என்ஜினைச் சென்னைப் பெரம்பூரில் சீர்செய்து 2010-ல் மறுபடி ஓட்டிக் காட்டினார்கள். நீலகிரி மலை ரயிலை 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆக்கியது. நல்ல காரியம். என்ஜினை வைத்துப் பார்க்கலாம். அதில் கரி போட்டவன் கைப்பக்குவத்தை எங்கே வைத்துப் பார்ப்பது?

அப்பா ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருந்தார். தேதி, என்ஜின் நம்பர், எத்தனை பெட்டி, கிளம்பிய நேரம், மழையா வெயிலா. கூட வேலை பார்த்தவர்கள் பேர். அவர் காலமான பின்பு வீட்டைக் காலி செய்தபோது அதைப் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிட்டேன். தராசில் வைத்தும் ஆயிற்று. அம்மாதான் ஓடி வந்து பிடுங்கினாள். "அவுக எழுதுனதுல ஒரு வரியாவது நீ படிச்சியால?" என்று கேட்டாள். படித்ததில்லை. அப்புறம்தான் படித்தேன். அதில் ஒரு நாள், 'தெ.காசி. தம்பிக்குச் சோறு கொடுத்தாச்சு' என்று ஒரு வரி. வேறு ஒன்றும் எழுதவில்லை.

அந்த நோட்டின் நகல் ஒன்றை இன்று நம் கல்லூரி நூலகத்துக்குக் கொண்டுவந்திருக்கிறேன். முதல்வர் அவர்கள் அன்புகூர்ந்து ஏற்றுக்கொள்ள வேண்டும். அதில் சுமார் முப்பது பேர் பெயர் இருக்கிறது. பயர்மேன், கலாசி, தண்ணீர் பிடித்தவர், மணல் வறுத்தவர்.

மாணவச் செல்வங்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். 1970-களில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு இப்போது வயதாகிவிட்டது. செங்கோட்டையில், தென்காசியில், புனலூரில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். உங்கள் எல்லோர் கையிலும் செல்போன் இருக்கிறது. லீவுக்கு ஊருக்குப் போகும்போது உட்கார்ந்து கேளுங்கள். பேசவிட்டுப் பதிவு செய்யுங்கள். தீயை எப்படிக் கட்டினீர்கள், குகையில் என்ன செய்தீர்கள் என்று கேளுங்கள். குகை குடைந்தவர்கள் பேரை நாம் விட்டுவிட்டோம்; நூற்றிருபது வருஷம் ஆகிவிட்டது. இவர்கள் பேரையும் விட்டுவிட வேண்டாம். சங்கம் ஒத்துக்கொண்டால் அடுத்த ஆண்டு மலரில் அவற்றை அச்சிடலாம். அதற்கான செலவில் என் பங்கைத் தருகிறேன்.

இன்னும் ஒன்று. உங்களில் யாராவது ஒருவருடைய அப்பாவோ அம்மாவோ அழுக்குத் துணியோடு இந்தக் கல்லூரி வாசலில் வந்து நிற்கலாம். "யார் அது?" என்று பக்கத்தில் இருப்பவன் கேட்பான். உடனே பதில் சொல்லிவிடுங்கள். என்னைப் போல நாற்பத்தெட்டு வருஷம் காத்திருக்க வேண்டாம்.

பத்து நிமிஷம் என்று சொல்லி அதிகம் பேசிவிட்டேன். செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார்.